நாகசாகியும் பொதுகையும்: இரு துறைமுகங்கள், சில பயணிகள்

துறைமுகம் என்றதும் கடலும் கலமுமே நினைவுக்கு வருகின்றன. கலம் வந்து நிற்கும் இடம் கடற்கரைதான். ஆயின் அக்கலத்தை நிரப்பும் பொருள் கடற்கரையில் விளைவதில்லை. உள்நாட்டு வயலிலும், தறிக்குழியிலும், சாயத் தொட்டியிலும், மணி கோக்கும் பட்டறையிலும் பிறந்து, ஆற்று வழியாகவும் வண்டித் தடத்தின் வழியாகவும் அது துறையை வந்தடைகிறது. ஒரு துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் பின்னே விரிந்து கிடக்கும் நிலத்தின் வரலாற்றையும் எழுதியாக வேண்டும். கடலோசை எட்டாத மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் ஆகிய ஊர்களுக்கும் துறைமுக வரலாற்றில் பங்கு உண்டு என்பதை இக்கண்ணோட்டமே உணர்த்தும்.

பழைய துறைமுக நகரைக் காணச் செல்லும் பயணி எதைக் காண்கிறான் என்னும் வினாவும் இதனோடு சேர்ந்தே எழுகிறது. துறை வாழ்ந்த காலத்தில் வந்தவன் கொடியையும் பண்டத்தையும் கண்டான். துறை ஓய்ந்த பின் வருபவன் காண்பது என்ன? இவ்வினாவுக்கு விடை காண இரண்டு துறைமுகங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒன்று ஜப்பானின் தென்மேற்குக் கோடியில் உள்ள நாகசாகி. மற்றொன்று அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் மேடாகக் கிடக்கும் அரிக்கமேடு. பண்டைக் கிரேக்கர் ஏட்டில் பொதுகை எனப் பெயர் பெற்றது. இவ்விரண்டும் தொடர்பற்றவை என்று தோன்றலாம். துணியும் செம்பும் மணியும் வேறு கதை சொல்கின்றன.

நீள்முனை ஊர்

நாகசாகி என்னும் பெயருக்கு நீண்ட முனை என்பது பொருள். மடுவின் கரையில் அமைந்தது மடுகரை ஆனது போல, நிலத்தின் அமைப்பே அங்கும் ஊர்ப்பெயர் ஆயிற்று. மலைகள் மூன்று புறமும் சூழ, கடல் ஒடுங்கி உள்ளே நுழையும் இடத்தில் அமைந்த மீனவர் குப்பம் அது. 1571இல் போர்த்துக்கீசியர் கலங்களுக்கு அத்துறை திறந்துவிடப்பட்டது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் வணிகரும் பாதிரிமாரும் நிறைந்த நகராக அது வளர்ந்தது.

வளர்ச்சியோடு அச்சமும் வளர்ந்தது. புதிய சமயத்தின் பரவலைக் கண்டு ஐயுற்ற ஜப்பானிய ஆட்சியாளர் கடுமை காட்டினர். 1597ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கொன்சாலோ கார்சியா. அவர் பிறந்த ஊர் மும்பைக்கு அருகில் உள்ள வசாய். ஜப்பானிய மண்ணில் உயிர்நீத்த அவ்விந்தியர் 1862இல் புனிதராக அறிவிக்கப் பெற்றார். நாகசாகியின் வரலாற்றில் இந்தியப் பெயர் ஒன்று அத்துணைத் தொடக்கத்திலேயே இடம் பெற்றுவிட்டது.

1634 முதல் 1636 வரை அத்துறையின் விளிம்பில் கடலைத் தூர்த்து விசிறி வடிவில் சிறு தீவு ஒன்று அமைக்கப்பட்டது. தெஜிமா என்பது அதன் பெயர். போர்த்துக்கீசியரை அதற்குள் அடைத்து வைப்பதே நோக்கம். 1639இல் அவர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். 1641இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அத்தீவிற்கு மாற்றப்பட்டனர். அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் ஜப்பானில் கால்வைக்க உரிமை பெற்ற இடம் அத்தீவு ஒன்றே. நகரையும் தீவையும் இணைத்தது ஒரே பாலம். அதன் வாயிலில் காவல். கோடையில் தென்மேற்குக் காற்றோடு கலங்கள் வரும். இலையுதிர் காலத்தில் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் தீவினர் காற்றுக்காகக் காத்திருப்பர்.

அச்சிறைத் தீவிலிருந்தே உலகம் ஜப்பானை அறிந்தது. 1690 முதல் 1692 வரை அங்கு மருத்துவராக இருந்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் எழுதிய ஜப்பான் வரலாறு, அவர் மறைந்த பின் 1727இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1775இல் வந்த துன்பர்க் செடிகொடிகளைத் தொகுத்தார். ஜப்பானை விட்டுப் புறப்பட்டபின் இலங்கையிலும் தங்கி ஆய்ந்தார். 1823இல் வந்த சீபோல்ட் மருத்துவம் கற்பித்தார். மூவரும் மருத்துவர், மூவரும் செடிகொடிகளை ஆராய்ந்தோர். பாலத்தைத் தாண்ட இசைவு வேண்டி நின்ற நிலையிலும், கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் அவர்கள் எழுதி வைத்தனர். காண்பதற்குக் கிடைத்தது சிறிதாயினும் கண்டவர் கண் பெரிது.

துணி சென்றது, செம்பு வந்தது

தெஜிமாவில் இறங்கிய பண்டங்களுள் பருத்தித் துணியும் ஒன்று. ஜப்பானிய மொழியில் கோடிட்ட பருத்தித் துணி ஒரு வகைக்குச் 'சாந்தோமே' என்று பெயர். அப்பெயர் மயிலாப்பூர்க் கடற்கரையில் போர்த்துக்கீசியர் குடியேறிய சாந்தோமைக் குறிப்பது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணி, கலமேறிய துறையின் பெயரையே தன் பெயராகச் சுமந்து சென்று, வேற்று மொழி அகராதியில் நிலைத்துவிட்டது. நாளடைவில் ஜப்பானிய நெசவாளர் அத்துணியைப் பார்த்துத் தாமே நெய்யத் தொடங்கினர். பெயர் மட்டும் மாறவில்லை. இந்தியாவிலிருந்து சென்ற வண்ணம் தீட்டிய துணிக்குச் 'சரசா' என்று பெயர். அதன் சிறு துண்டுகளையும் ஜப்பானியர் வீணாக்கவில்லை. தேநீர்ச் சடங்கிற்குரிய கலன்களைப் பொதிந்து வைக்கும் உறைகளாகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர்.

இங்கு நெய்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவன் துணி எங்குச் சென்றது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தறியில் அமர்ந்தவனுக்குத் தரகனைத் தெரியும்; தரகனுக்குக் கம்பெனிக் கிடங்கைத் தெரியும்; கிடங்குக்காரனுக்குப் பத்தேவியாவைத் தெரியும். ஒவ்வொருவர் பார்வையும் அடுத்த கை வரையில்தான். நாகசாகியில் அத்துணியை விரித்து வியந்தவனுக்கும் சாந்தோம் என்ற பெயருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கடல் வாணிகம் மனிதரை இணைத்தது என்பர். பொருள்களை இணைத்து, மனிதரை ஒருவர்க்கொருவர் தெரியாதவராகவே அது வைத்திருந்தது என்பதும் உண்மை.

துணிக்கு மாற்றாக நாகசாகியிலிருந்து வந்த பொருள்களுள் முதன்மையானது செம்பு. பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பான் செம்பு மிகுதியாக எடுத்த நாடுகளுள் ஒன்று. ஒல்லாந்தர் அச்செம்பைக் கட்டிகளாக வாங்கிப் பத்தேவியா வழியாகச் சோழமண்டலக் கரைக்கும் வங்கத்திற்கும் சூரத்திற்கும் அனுப்பினர். காசு அடிக்கவும் பாத்திரம் வார்க்கவும் அது பயன்பட்டது. பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, இக்கரை வாணிகத்திற்கு அதனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒல்லாந்தர், அங்கே காசுச்சாலையும் நடத்தினர். நாகப்பட்டினம் 1658இல் அவர்கள் வசமாயிற்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலும் அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது. பாகூர்க் கொம்யூனின் தென் எல்லையிலிருந்து அவ்வூர் தொலைவில் இல்லை. 1693இல் புதுச்சேரியையே ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். 1697ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் திருப்பித் தந்தனர். அவ்வாறு ஆறாண்டுகள் புதுச்சேரியும் நாகசாகியின் தெஜிமாவும் ஒரே கம்பெனியின் கணக்கேட்டில் இடம் பெற்றிருந்தன.

ஒரு செப்புக் குடத்தின் தோற்றம் எம்மலையில் என்று எவரும் கேட்பதில்லை. இக்கரையில் அக்காலத்தில் வார்த்த செம்பில் ஒரு பகுதி ஜப்பானிய மலைகளில் வெட்டி எடுத்தது என்பது வரலாறு தரும் செய்தி. தமிழ்நாட்டுப் பருத்தி நாகசாகியில் உடையாயிற்று; நாகசாகிச் செம்பு தமிழ்நாட்டில் காசாகவும் கலமாகவும் ஆயிற்று.

பொதுகை: ஏட்டில் உள்ள துறை

நாகசாகி திறக்கப்படுவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் ஒரு துறை தொலைதேசக் கலங்களை வரவேற்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல், இக்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகை, சோபத்மா என்னும் மூன்றைக் குறிக்கிறது. அந்நூலாசிரியர் பெயர் தெரியவில்லை. கடல் வழி அறிந்த வணிகர் என்பது அவர் எழுத்தால் விளங்கும். கரையோரம் செல்லும் உள்ளூர்க் கலங்களையும், பெருமரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் கலங்களையும், கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் 'கொலாந்தியா' என்னும் பெருங்கலங்களையும் அவர் வேறுபடுத்திக் கூறுகிறார். இக்கரைத் துறைகள் மேற்குக் கடலை மட்டுமன்றிக் கீழ்க்கடலையும் நோக்கி நின்றன என்பதற்கு இது சான்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியும் பொதுகையை வாணிகத்தளம் என்று குறித்தார். பொதுகை என்பது புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொண்ட முடிவு. சங்க நூல்களில் வரும் வீரை என்னும் துறையை அதனருகில் உள்ள வீராம்பட்டினத்தோடு இணைத்துக் காண்போரும் உளர்.

கிரேக்க வணிகர் துறையைப் பண்டத்தால் அளந்தார். தமிழ்ப் புலவர் அதனை வழிநடைப் பாணன் கண்ணால் கண்டார். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் முதலில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரைக் கடக்கிறான். அவ்வூர் இன்றைய மரக்காணம் என்றும், பெரிப்ளுஸ் கூறும் சோபத்மா அதுவே என்றும் கருதுவர். கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரத் துண்டுகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன என்று புலவர் உவமை கூறுகிறார். அம்மரத்தை விறகாக எரித்து நுளைமகள் கள் அடுகிறாள்; சுட்ட மீனோடு பாணனுக்கு அளிக்கிறாள்.

இவ்வுவமையை ஊன்றி நோக்க வேண்டும். ஒட்டகம் நெய்தல் நிலத்து விலங்கு அன்று. அவ்விலங்கைக் கடற்கரை மரத்திற்கு உவமையாக ஆளும் புலவரும், அதைக் கேட்டு மகிழும் அவையும், தொலைநிலத்துச் செய்திகளை இயல்பாக ஏற்றுக் கொண்டவர் என்பது தெளிவு. துறைமுகம் ஒரு நாட்டின் பண்டங்களை மட்டும் மாற்றுவதில்லை. அந்நாட்டுக் கவிஞனின் உவமையையும் மாற்றுகிறது.

அருகன்மேட்டுக்கு வந்தோர்

துறை ஓய்ந்தபின் மேடு மிஞ்சியது. அருகன்மேடு என்பது அதன் பழம்பெயர் என்பர். அருகில் காக்காயந்தோப்பில் அமர்ந்த நிலையில் ஒரு பழஞ்சிலை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைக் கண்டு எழுதியவர் குய்யோம் லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானநூல் அறிஞர்.

அவர் வரலாறு கேட்பவர் மனத்தை உருக்குவது. கதிரவனை வெள்ளி கடந்து செல்லும் அரிய காட்சியைப் புதுச்சேரியிலிருந்து காண்பதற்காக 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். அவர் வந்து சேருமுன்னர் 1761ஆம் ஆண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. அவ்வாண்டுக் காட்சி நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார், அளவுகள் பயன்படவில்லை. அடுத்த காட்சிக்கு எட்டாண்டுகள் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் வானாய்வுக் கூடம் அமைத்தார். 1769 சூன் மாதக் காலையில் அக்காட்சி நிகழ்ந்த நேரத்தில் மேகம் மூடிக் கொண்டது. பதினோராண்டுப் பயணத்தின் பயன் ஒரு மேகத்தில் மறைந்தது. 1771இல் தாயகம் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே அங்குள்ளோர் கருதியிருந்தனர்.

வானத்தில் தேடியது கிட்டாத அவர், மண்ணில் தேடாத ஒன்றைக் கண்டார். ஆற்றங்கரையில் பழஞ்சுவர்கள் வெளிப்பட்டுக் கிடந்ததையும், ஊர்மக்கள் பெரிய செங்கற்களை எடுத்துச் செல்வதையும் குறித்தார். வீரராகவன் என்னும் அரசன் கட்டிய கோட்டை அது என்று மக்கள் கூறினர். 1779, 1781ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த அவர் பயண நூலில் இப்பகுதி பற்றிய செய்திகள் இடம் பெற்றன. மேட்டின் மேல் இன்று நிற்கும் இடிந்த செங்கல் சுவர்கள் பண்டைத் துறையைச் சேர்ந்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமடத்தின் எச்சங்கள். பின்னர் வியத்நாம் அரசியலில் புகழ்பெற்ற பிஞோ தெ பெஹேன் அக்குருமடத்தோடு தொடர்புடையவர். முதன்முதலாக அங்குச் செல்லும் பயணி அச்சுவர்களையே உரோமானியர் கட்டடம் என்று மயங்குவது உண்டு.

1937இல் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் மேட்டருகே சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை வாங்கினார். தலை உருவம் செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அது உரோமப் பேரரசன் அகஸ்டஸ் உருவம் என்று கருதினார். அறிஞர் உலகம் அறியுமுன்னே அங்குள்ள குழந்தைகளுக்கு அம்மேடு மணி விளையும் இடமாகத் தெரிந்திருந்தது. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஒதுங்கிக் கிடந்த மதுச்சாடியின் கழுத்துத் துண்டைக் கண்டு வியந்து, உடனே புதுச்சேரிக்கு விரைந்தார். இத்தாலியின் அரெட்சோவில் வனைந்த செந்நிற மட்கல ஓடுகளை இங்குக் கண்டார். காலம் அறிந்த அவ்வோடுகளைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கே கால அளவுகோல் ஒன்று கிடைத்தது.

1945

1945ஆம் ஆண்டுக் கோடையில் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். சுமார் 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. அது பண்டகசாலை என்றார். வடிகால்களோடு கூடிய தொட்டிகள் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டவை என்று கருதினார். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. மறு ஆண்டே 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் அவர் அறிக்கை வெளிவந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகியின் ஊராக்காமிப் பகுதிக்கு மேலே அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் 70,000 பேர் மாண்டனர். மறைந்து சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஒளிந்தும் வாழ்ந்தும் வந்த கிறித்தவ மக்கள் எழுப்பிய ஊராக்காமிப் பேராலயம் இடிந்து வீழ்ந்தது. ஒரே ஆண்டின் சில திங்கள் இடைவெளியில் வங்கக் கரையில் இறந்த துறை ஒன்று மண்ணிலிருந்து எழுந்தது. கீழ்க்கடலில் உயிரோடிருந்த துறை ஒன்று நெருப்பில் வீழ்ந்தது. மண்ணில் மூடப்பட்டிருந்ததால் பொதுகைக்கு ஒரு காவல் இருந்தது. வாழ்ந்து கொண்டிருந்ததால் நாகசாகிக்கு அக்காவல் இல்லை.

வீலரின் முடிவுகள் அனைத்தும் பின்வந்த ஆய்வில் நிலைக்கவில்லை. அவர் அரிக்கமேட்டை இந்திய–உரோமானிய வாணிகத்தளம் என்று பெயரிட்டழைத்தார். 1947 முதல் 1950 வரை அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் கசால், வீராம்பட்டினத்தோடு நில்லாமல் முத்தரையர்பாளையம், சுத்துக்கேணி ஆகிய ஊர்களின் பெருங்கற்கால ஈமக்காடுகளையும் ஆராய்ந்தார். துறைக்குப் பின்னே மக்கள் வாழ்ந்த நிலம் அதனால் தெரியவந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கே.வி. இராமனும் நடத்திய அகழாய்வு, உரோமானியர் வருகைக்கு முன்னரே அங்கு ஊர் இருந்ததையும், அவர் வருகை நின்ற பின்னும் மக்கள் வாழ்ந்ததையும் நிறுவியது. துறையை அமைத்தவர் அயலார் அல்லர், இம்மண்ணின் மக்கள். அயலார் வந்து போயினர். பயணியின் கண் அயல்பொருளை முதலில் காண்பது இயல்பு. வரலாற்றின் கடமை அதற்கு அடியில் உள்ளதையும் காண்பது.

மணியும் மொழியும்

தமிழுக்கும் ஜப்பானுக்கும் உறவு என்றவுடன் தமிழறிஞர் நினைவில் எழும் பெயர் சுசுமு ஓனோ. 1980 முதல் பல்லாண்டுகள் அவர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் இடையே சொல்லுறவும் இலக்கண உறவும் உண்டு என்று எழுதி வந்தார். தமிழகத்திலும் ஈழத்திலும் அவர் கருத்துக்குப் பெருவரவேற்புக் கிட்டியது. மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. தம் மொழிக்குத் தொலைதேசத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு எனக் கேட்கும்போது எழும் மகிழ்ச்சி இயற்கையானது. ஆயின் மகிழ்ச்சி சான்றாகாது.

சான்றாக நிற்கக்கூடிய பொருள் ஒன்று அரிக்கமேட்டு மண்ணில் உள்ளது. அது கடுகளவும் மிளகளவும் உள்ள கண்ணாடி மணி. கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, சூட்டில் விளிம்பை மழுக்கிச் செய்யும் இம்மணிகளை இந்தோ–பசிபிக் மணிகள் என்பர். அரிக்கமேடு அம்மணித் தொழிலின் தொன்மையான இடங்களுள் ஒன்று என்று பீட்டர் பிரான்சிஸ் என்னும் மணி ஆய்வாளர் எழுதினார். இத்தொழில் பின்னர் இலங்கையின் மாந்தைக்கும் தென்கிழக்காசியத் துறைகளுக்கும் பரவியது. ஜப்பானின் யாயோய், கோஃபுன் காலக் கல்லறைகளிலும் இவ்வகை மணிகள் கிடைத்துள்ளன. அங்குக் கிடைத்த ஒவ்வொரு மணியும் அரிக்கமேட்டில் செய்தது என்று கூறலாகாது. இடைவழித் துறைகளிலும் செய்தனர். தென்னிந்தியக் கண்ணாடித் தொழிலின் கைவண்ணம் கை மாறிக் கை மாறி, நாகசாகி என்னும் பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஜப்பானியர் கழுத்தை அணி செய்தது என்று கூறுவதற்குத் தடையில்லை. வேர்ச்சொல் உறவைக் காட்டிலும் இவ்வுறவு எளியது, உறுதியானது. தாய்வழி உறவு என்று கூறாமல் தொழில்வழி உறவு என்று கூறினால் தமிழுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

இரு வகைக் காவல்

இன்று நாகசாகிக்குச் செல்லும் பயணி தெஜிமாவைத் தேடினால் கடலில் காணமாட்டான். துறைமுக விரிவுப் பணிகளில் அதனைச் சுற்றியிருந்த கடல் தூர்க்கப்பட்டு, 1904 அளவில் தீவு நகரத்திற்குள் புதைந்தது. 1922இல் அது நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப் பெற்றது. குண்டு வீழ்ந்து ஆறாண்டுகளே ஆன 1951இல், வீடிழந்தோர் துயர் தீராத அந்நகரம், தெஜிமா நிலத்தை மீட்கும் பணியைத் தொடங்கியது. மனை மனையாக நிலம் வாங்கப்பட்டது. பழைய வரைபடங்களையும் அகழாய்வையும் கொண்டு கட்டடங்கள் மீண்டும் எழுந்தன. நகருக்கும் தீவுக்கும் இடையே 2017இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அயலாரை அடைத்து வைத்த தீவு அது. அந்நாட்டிற்குப் பெருமை தரும் நினைவு என்று கூற இயலாது. இருப்பினும் அதனை மறக்கலாகாது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

அரிக்கமேட்டைக் காணச் செல்வோர் அரியாங்குப்பத்தில் திரும்பி வீராம்பட்டினச் சாலையில் செல்ல வேண்டும். ஆடித் திங்களில் செங்கழுநீர் அம்மன் தேரைக் காண அச்சாலையில் பெருங்கூட்டம் செல்கிறது. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் மடுகரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். அக்கூட்டத்தில் மேட்டை நோக்கித் திரும்புவோர் மிகச் சிலர். மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள அவ்விடத்தில் தோப்பு நிழலும், குருமடச் சுவரும், ஆறும் உண்டு. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. துறையின் ஒரு பகுதியை ஆறு முன்னரே அரித்துவிட்டது. செங்கல்லை மக்கள் எடுத்தனர். கரையை நீர் எடுத்தது.

செஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி வில்லியனூரைத் தழுவி வந்து, கடலை அணுகும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு எனப் பிரிகிறது. உள்நாட்டுப் பண்டங்களைத் துறைக்குக் கொணர்ந்த இயற்கை வழி அதுவே. தெற்கே பெண்ணையாற்று நீர் பாகூர் ஏரியை நிரப்பியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. வயல் வளமே கல்விச்சாலைக்குக் கொடையாயிற்று. பிற்காலத்தில் தென்னார்க்காட்டு அவுரிச் சாயத்தில் தோய்ந்த நீலத்துணி புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. காலம் மாறினும் உள்நாட்டு உழைப்பு கடலை நோக்கி ஒழுகும் முறை மாறவில்லை.

மீண்டும் ஓர் ஆற்றுப்படை

ஆற்றுப்படை தமிழுக்கே உரிய இலக்கிய வகை. வளம் பெற்று வருபவன் வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழி கூறுவது அதன் இலக்கணம். எவ்வழியில் செல்ல வேண்டும், எங்கே தங்கலாம், யார் என்ன தருவார் என்பதையெல்லாம் கண்டவன் காணாதவனுக்குச் சொல்கிறான். பயண இலக்கியத்தின் அறம் அதில் அடங்கியுள்ளது. தான் கண்டதைத் தன்னோடு வைத்துக் கொள்பவன் பயணி ஆகமாட்டான்.

கெம்ப்ஃபர் சிறைத்தீவில் இருந்து கொண்டு எழுதினார். லெ ழாந்தி தோல்வியின் நடுவே எழுதினார். பெரிப்ளுஸ் ஆசிரியர் பெயரையும் விட்டுச் செல்லாமல் எழுதினார். அவர்கள் எழுதியதால் இரு துறைகளும் உலகின் நினைவில் நின்றன. எழுதியோர் அனைவரும் அயலார் என்பதே இங்கு எண்ணத்தக்கது. நத்தத்தனாருக்குப் பின் இக்கரையில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி, வந்த கப்பலையும் போன துணியையும் தமிழில் பதிவு செய்தார். அவ்வரிசை அவரோடு முடிந்துவிடலாகாது.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் கவிஞர்களுக்கு அரிக்கமேடு தொலைவில் இல்லை. ஒரு முற்பகலில் சென்று திரும்பலாம். அங்குக் காட்சிப் பொருள் மிகுதியாக இல்லை என்று ஏமாற்றமுற வேண்டியதில்லை. மழைக்குப் பின் கரையோரம் நடந்தால் ஓட்டுத் துண்டுகள் கண்ணில் படும். அவற்றை எடுக்காமல் அவ்விடத்திலேயே விட்டு வருவது நன்று. எடுத்து வரத்தக்கது வேறு உண்டு. மணி செய்தவன் பெயர் தெரியாது. துணி நெய்தவள் பெயர் தெரியாது. கலத்தில் ஏற்றியவன் பெயர் தெரியாது. கல்வெட்டும் செப்பேடும் அவர்களைப் பாடவில்லை. பெயரில்லாதாரைப் பாடுவது கவிதைக்கு இயலும். ஒல்லாந்தர் கணக்கேடு துணியை எண்ணி வைத்தது. நெய்த கையை எண்ணும் பொறுப்பு அக்கைகளின் வழிவந்தோர் வாழும் ஊர்களுக்கே உரியது.